‘முடியாது’ என்று சொல்ல ஒருத்தி

கடையின் மெசஞ்சரில் பதில் சொல்லும் இயந்திரத்தை இணைத்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அதற்குள் பெரியம்மா அகனிசி மூச்சிரைக்க உள்ளே வந்து குடையைத் தரையில் ஊன்றி நின்றாள்.

“சமிசோனி! யாருடா அவ?”

“எவ பெரியம்மா?”

“உன் கடையில உக்காந்துகிட்டு எனக்கு ‘இலவசமாத் தைக்க மாட்டோம்’னு எழுதினவ! அதுவும் நான் அனுப்பி, ஃபோனைக் கீழ வைக்கல, அதுக்குள்ள பதில் வருது. யோசிக்கக்கூட இல்லடா அவ!”

திட்டு வாங்குகிறவனுக்கு முகம் வாட வேண்டும். சமிசோனிக்கோ முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. “வசிடி!” என்று உள்ளே குரல் கொடுத்தான். “கேட்டியா? பெரியம்மாவுக்கே முடியாதுன்னு சொல்லிடுச்சு! வேலை செய்யுது!”

உள்ளே தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த வசிடி தலையைத் தூக்கவில்லை. “பாக்கலாம்” என்றாள். அவள் தலைக்கு மேலே, துணி அடுக்கும் அலமாரியின் உச்சியில், நீல நிறப் பயணப் பெட்டி ஒன்று இருந்தது.

அந்தப் பெட்டிக்காகத்தான் இவ்வளவு பாடும். நவுசோரி சந்தைக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கடையில் வசிடி தைக்காத கலவட்டா கிடையாது. கல்யாணமோ சாவோ சர்ச் மாநாடோ, ஒரு கூட்டமே ஒரே துணியில் கலவட்டா உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் அவளிடம்தான் வருவார்கள். கை அப்படி. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கணவனின் வாய் அப்படி அல்ல. ‘கெரெகெரே’ என்று ஒரு சொல் சொல்லி உறவுக்காரன் கை நீட்டிவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது ஃபிஜியில் வழக்கம். மற்றவர்கள் பத்துக்கு ஒன்றாவது நழுவிவிடுவார்கள். சமிசோனிக்கு நழுவத் தெரியாது. பல வருஷம் பஸ் ஓட்டியவன். வழியில் கை காட்டிய எவனுக்கும் நிறுத்தாமல் போனதில்லை. கடை வைத்த பிறகும் அதே கதைதான். “அண்ணே, கெரெகெரே, பையனுக்கு ஒரு சட்டை” என்றால் சரி. “மாமா, கெரெகெரே, ஞாயித்துக்கிழமை இடுப்புல கட்ட ஒரு சூலு” என்றால் சரி. தைக்கிறது வசிடி.

போன மாதம் ஒரு கால்பந்து அணிக்கே அவன் சரி சொன்னபோது, வசிடி பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

“பிரிஸ்பேன்ல என் தங்கச்சி வேலை பாக்கற தையல் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. அங்க தைச்சா சம்பளம் குடுப்பாங்களாம். விசித்திரமா இல்ல?”

“வசிடி...”

“இன்னும் ஒரே ஒரு ஓசிச் சட்டை. அதுதான் கணக்கு. அப்புறம் நான் கிளம்பிடுவேன். நீ உன் சொந்தக்காரங்களுக்கு நீயே தைச்சுக் குடு.”

அவள் சொன்னால் செய்கிறவள். சமிசோனி பயந்துபோனான். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, யார் உதவியும் இல்லாமல், எதையோ அழுத்தி, எதையோ நகல் எடுத்து, ‘உங்கள் பக்கம் இணைக்கப்பட்டது’ என்று பச்சையாக எழுத்து வந்ததும் நடுக் கடையில் குதித்தான். தன்னால் சொல்ல முடியாததைச் சொல்ல இயந்திரம் வந்துவிட்டது. அதற்கு அக்கா இல்லை, தம்பி இல்லை, மச்சான் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லும்.

“அது ஆள் இல்ல பெரியம்மா. மெஷினு. நானே இணைச்சேன்” என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

“மெஷினோ மனுஷியோ, பேரைச் சொல்லாம, ஊரைச் சொல்லாம ஒரு பெரியவகிட்ட பேசறதா? உன் அம்மா வளர்த்த லட்சணமா இது? ஊர்ல எல்லாரும் சிரிக்கப் போறாங்க.”

அது நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது. அன்று சாயங்காலமே இயந்திரத்துக்கு டோரிகா என்று பெயர் வைத்தான். ‘பூலா, நான் டோரிகா. இலவசமாகத் தைத்துத் தருவதில்லை. வேறு உதவி வேண்டுமா?’ வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, எவ்வளவு மரியாதை! நாலு பேரிடம் காட்டினான். யங்கோனா குடிக்க உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஃபோனைக் கைக்குக் கை கொடுத்தான்.

பெயரைச் சொல்லியாகிவிட்டது. ஃபிஜிக்காரன் அடுத்து என்ன கேட்பான்? ஊர்தான். டோரிகாவிடமும் கேட்டார்கள்.

‘எனக்கு ஊர் கிடையாது’ என்றது டோரிகா. உண்மையைத்தான் சொன்னது.

மறுநாள் கடை வாசலில் ஒரு பெண்மணி வாழையிலையில் மீனும் மரவள்ளிக்கிழங்கும் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“அந்தப் பொண்ணு எங்க?”

“எந்தப் பொண்ணு?”

“ஊரே இல்லாத பொண்ணு. அம்மா அப்பாவும் கிடையாதாமே, கேட்டேன். ராப்பகலா உன் கடையில வேலை பாக்குதாம், தூங்கறதே இல்லையாம். ஏன்யா, நீயெல்லாம் மனுஷனா? ஒரு அநாதைய இப்படியா வேலை வாங்குவ?”

சமிசோனி வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தி பாயோடு வந்துவிட்டாள், டோரிகா படுத்துக்கொள்ள. பின்னாலேயே சர்ச்சிலிருந்து ஒருவர். மெஷின் என்று சொன்னால் யாரும் காது கொடுக்கவில்லை. “ஆமாமா, மெஷின் மாதிரிதான் வேலை வாங்கற” என்றார் அவர்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்பது ஒன்றுதான் லாபம். வசிடி மீனைச் சாப்பிட்டுக்கொண்டே பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி முக்காலி மேல் வைத்தாள்.

“எதுக்குப் பெட்டிய இறக்கற? ஓசிச் சட்டை ஒண்ணும் போகலயே!”

“இன்னும் போகல” என்றாள். “ஆனா போற வழி தெரியுது.”

சமிசோனி அன்றே ஊரையும் எழுதிவிட்டான். விவரமான ஆள்தான், பக்கத்து ஊராகப் போடவில்லை. லாவ் தீவுகளிலேயே கடைக்கோடியில், கப்பல் எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஒரு குட்டித் தீவைத் தேர்ந்தெடுத்தான். வதுலேவு. அங்கேயிருந்து நவுசோரிக்கு யார் சட்டை கேட்டு வரப்போகிறார்கள்?

வதுலேவுவிலிருந்து யாரும் வரவில்லை. மலைப்பக்கத்திலிருந்து வந்தார்கள்.

மூன்று தடியன்கள், சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் கல்லா மேல் இருந்த சமிசோனியின் தேநீரை எடுத்துக் குடித்தான். இன்னொருவன் அவன் தலையிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“வதுலேவுக்காரி எங்க? அந்த மீன் நாத்தம் பிடிச்சவ?”

“யாரு நீங்க?”

“நாங்களா? வதுலேவுக்கும் எங்க ஊருக்கும் தௌவு முறைடா! ரெண்டு ஊருக்கும் ஒரே சாமி. தெரியாதா உனக்கு?”

சமிசோனி தலையில் கை வைத்தான். தௌவு முறை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கேட்காமல் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவன் கோபப்படக்கூடாது, சிரிக்க வேண்டும். இத்தனை தீவு இருக்க இவன் போய் அந்தத் தீவைத் தொட்டிருக்கிறான்!

“அது... அவ கடை இல்ல மச்சான், என் கடை...”

“அவதானே எல்லாருக்கும் முடியாது முடியாதுன்னு பதில் சொல்றா? முதலாளி மாதிரி பேசறா? அப்ப அவ கடைதான்!”

கம்பியில் தொங்கிய புதுச் சட்டைகளில் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு, கண்ணாடி பார்த்து, ஒருவன் முதுகை ஒருவன் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். “அந்த மீன்காரிக்கு நாங்க வந்துட்டுப் போனோம்னு சொல்லு!” சமிசோனி வழக்கப்படி சிரித்தான். அழுகிறவன் சிரித்த மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தால் பெட்டி வாசலுக்குப் பக்கத்தில் நின்றது.

“வசிடி, இது ஓசி இல்ல! நான் குடுக்கல, அவங்களா எடுத்துக்கிட்டாங்க! நான் சரின்னே சொல்லல!”

வசிடி கொஞ்ச நேரம் யோசித்தாள். நேர்மையானவள். “சரி, இதைக் கணக்குல சேக்கல” என்றாள். “ஆனா உன் மெஷினு வந்ததுக்கப்புறம்தான் சட்டை கதவைத் தாண்டிப் போகுது. அதையும் யோசி.”

யோசித்தான். கிண்டல் செய்கிறவர்களை எப்படித் தடுப்பது? பெண் அடக்கமானவள் என்று தெரிந்தால் தடியன்கள் கொஞ்சம் மரியாதை காட்டுவார்கள். டோரிகாவுக்கு இன்னும் நாலு வரி எழுதினான். நல்ல குடும்பத்துப் பெண். கண்டிப்பாக வளர்க்கப்பட்டவள். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. வீண் பேச்சு பிடிக்காது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது. இப்படி ஒரு மகள் தனக்குப் பிறந்திருக்கக்கூடாதா என்றுகூட நினைத்தான்.

தடியன்கள் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக நெமானி வந்தான், ஃபோனில்.

படத்தில் ரக்பி ஆடுகிறவன் மாதிரி தோள். ஆற்றின் மேல்பக்கத்தில் ஏதோ ஓர் ஊர்த் தலைவரின் மகன். முதலில் அவனும் ஓசியில் ஒரு சட்டை கேட்டான். டோரிகா இல்லை என்றாள். சூலு கேட்டான், இல்லை. கொடி கேட்டான், மேசைத்துணி கேட்டான், சர்ச்சுக்குத் திரை கேட்டான். எல்லாவற்றுக்கும் இல்லை. இல்லை என்று கேட்கக் கேட்க அவனுக்கு ஆசை கூடியது போலிருந்தது. வசிடி ஒருநாள் கடை ஃபோனை எடுத்து அந்த உரையாடலை உரக்கப் படித்தாள்.

“‘நீ எல்லாருக்கும் இப்படித்தான் சொல்வியா?’ன்னு கேக்கறான். இவ சொல்றா, ‘ஆம், எல்லோருக்கும் ஒரே பதில்தான்.’ ‘அழுதாலும்?’ ‘வருத்தமாக இருக்கிறது. ஆனால் இலவசமாகத் தைத்துத் தருவதில்லை.’ உடனே பாரு, ‘உன்னை மாதிரி ஒருத்தி எங்க வீட்டுல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!’”

“ஐயோ” என்றான் சமிசோனி.

“இரு, இன்னும் முடியல. ‘எங்க வீட்டுக்கு வந்தா உனக்கு என்னென்ன வேணும்?’ ‘மின்சாரமும் இணையமும் இருந்தால் போதும்.’ ‘சாப்பாடு?’ ‘தேவையில்லை.’”

“ஐயையோ!”

“சோறே வேணாம்னு சொல்ற மருமக! எந்த வீட்டுல விடுவாங்க? வரப்போறாங்க பாரு” என்றாள் வசிடி. பல வாரம் கழித்து அன்றுதான் அவள் சிரித்தாள்.

வந்தேவிட்டார்கள். சனிக்கிழமை காலை, முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டு, முறையாக. மேசையை ஓரம் தள்ளிப் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. அந்த அநாதைக்காக வந்த பாய்தான். பெரியம்மா அகனிசி பூப்போட்ட உடையில் வந்து பெண் வீட்டுப் பெரியவளாக நடுவில் உட்கார்ந்துகொண்டாள். சண்டை போட்டவள்தான். ஆனால் பெண் கேட்டு வருகிற இடத்தில் பெரியம்மா இல்லாமலா?

வந்தவர்களுக்கு முன்னால் தலைவரின் பேச்சாளர், வெள்ளைத் தலை, கணீர்க் குரல். பின்னால் நாலைந்து பேர். எல்லாருக்கும் கடைசியில், சுவரோரமாக, தலைவரின் மனைவி அதி லைசானி. ஒரு வார்த்தை பேசாமல் கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த பெட்டியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“தலைவர் வர முடியல, மன்னிக்கணும்” என்றார் பேச்சாளர். “கிளம்பற நேரத்துல யாரோ கெரெகெரேன்னு படகு கேட்டாங்க. படகைக் குடுத்துட்டார். நாங்க பஸ்ஸுல வந்தோம்.”

பிறகு அவர் மடியிலிருந்து அதை எடுத்தார். தம்புவா. மஞ்சள் பாய்ந்த திமிங்கிலப் பல், பின்னிய கயிறோடு. அதற்கு மேல் மரியாதை இந்த நாட்டில் கிடையாது. கை நீட்டி வாங்கிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும்.

“இந்த வீட்டு மகள் டோரிகாவின் புகழ் ஆற்றின் மேலேயும் கேட்டது. அவள் சொல் மாறாதவள். அவள் எங்கள் தலைவரின் வீட்டுக்கு வர வேண்டும். எங்கள் கைகள் வெறுங்கைகள். இந்தப் பல் மட்டும்தான் கொண்டுவந்திருக்கிறோம்.”

சமிசோனி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். தன் கையால் இணைத்த ஒன்றுக்குத் தம்புவா! செத்துப்போன அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெருமையில் அவன் கைகள் இரண்டும் தாமாகவே எழும்பின. வாழ்நாளெல்லாம் சரி சொல்லிப் பழகிய கைகள்.

வசிடி எழுந்துபோய்ப் பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சமிசோனி கைகளை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தான்.

“பேசறதுக்கு உங்க பக்கத்துல யாரு?” என்றார் பேச்சாளர், பல்லை நீட்டியபடியே.

“எங்க... எங்க வீட்டுல பேசறது டோரிகாதான்” என்றான். “வசிடி, அவகிட்டயே கேளு. தலைவர் வீட்டுக்கு வரியான்னு கேளு.”

வசிடி பெட்டியை விட்டுவிட்டுத் தன் ஃபோனை எடுத்துத் தட்டினாள். டிங் என்றது. படித்தாள். அவள் முகம் மலர்ந்தது. சர்ச்சில் பைபிள் வாசிப்பதுபோல் நிமிர்ந்து நின்று உரக்கப் படித்தாள்.

“‘அழைப்புக்கு நன்றி. மன்னிக்கவும், அது முடியாது. எங்கள் கடையில் எதையும் இலவசமாகத் தருவதில்லை. வேறு உதவி வேண்டுமா?’”

பேச்சாளரின் வாய் திறந்தபடி நின்றது. பெரியம்மா நெஞ்சில் கை வைத்தாள். “தம்புவாவுக்கே முடியாதுங்கறாளா?”

இனிமேல் மறைத்துப் பயனில்லை. சமிசோனி வியர்வையைத் துடைத்தான்.

“பெரியவங்க மன்னிக்கணும். டோரிகா பொண்ணே இல்ல. மெஷினு. ஊர், குடும்பம், கண்டிப்பு எல்லாம் நான் எழுதினது. தப்பு என்னோடது. உங்க மரியாதை எனக்குப் பெரிசு, இந்தக் கடை இருக்கற வரைக்கும் சொல்லிப் பெருமைப்படுவேன். ஆனா தம்புவாவை நான் வாங்க முடியாது. குடுக்க முடியாது. முடியாதுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. முடியாது. அவன் வாயிலிருந்து, அவன் குரலில், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

வசிடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே எழுந்து நின்று கைதட்டும்போது தன் வீட்டுக்காரனைப் பார்க்கிற பார்வை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெட்டியைத் தூக்கி அலமாரியின் உச்சியில் பழைய இடத்தில் வைத்தாள்.

“அந்தப் பையனுக்கு எப்படிச் சொல்லப்போறீங்களோ” என்று சமிசோனி தழுதழுத்தான். “நெமானி தம்பி மனசு ஒடஞ்சு போயிடும்.”

“எந்தப் பையன்?”

சுவரோரத்திலிருந்து வந்தது குரல். அதி லைசானி முதல் தடவையாக வாயைத் திறந்திருந்தார்.

“உங்க பையன்தான் அம்மா. இத்தனை நாளா டோரிகாகிட்ட எழுதிக்கிட்டிருந்தாரே.”

“நெமானி வெளிநாட்டுல பட்டாளத்துல இருக்கான். அவன் பழைய ஃபோன் என்கிட்ட இருக்கு. எழுதினது நான்.”

பெரியம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள்.

“அவ மெஷினுன்னு உங்களுக்குத் தெரியலயா?”

“முதல் நாளே தெரியும். சட்டை, சூலு, கொடி, திரைன்னு கேட்டுப் பாத்தேன், அழுதும் பாத்தேன். நம்ம ஊர்ல பொறந்த மனுஷி எவளாவது இத்தனை தடவை இல்லன்னு சொல்லுவாளா?”

“அப்ப, தம்புவாவோட வந்து, இவள யாருக்குத்தான் கேக்கறீங்க?”

அதி லைசானி பேச்சாளரின் கையிலிருந்த தம்புவாவைத் தானே வாங்கி, சமிசோனியைத் தாண்டி, நேராக வசிடியிடம் நீட்டினார்.

“என் புருஷனுக்குத்தான், தாயி, இன்னிக்குப் படகும் போயிடுச்சு, எங்க வீட்டுலயும் ‘முடியாது’ன்னு சொல்ல ஒருத்தி வேணும்.”